ஞாயிற்றுக்கிழமை ரீடிங்

திருப்பதி,
6-2-1985

அன்புள்ள நைனாவுக்கு,

சௌந்தரி எழுதுவது. நலம் விசாரிக்கவும் நேரமில்லாமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கண்டக்டர் பச்சையப்பன் கையில் ஓர் அட்டைப்பெட்டி வரும். இரண்டு கையாலும் வாங்குங்கள். உள்ளே பஞ்சு சுற்றி நான்கு கண்ணாடித் துண்டுகள் இருக்கின்றன; ஜாடியும் கரைசலும் சிறிய மீட்டரும் கூடவே வரும். கண்ணாடிமேல் சிவப்பாக இருப்பது பெயிண்ட் இல்லை. அதுதான் நான் மூன்று வருஷமாகச் செய்துகொண்டிருக்கும் பாலிமர் படலம். உப்புக் கரைசலில் நிறுத்தி வெயிலில் வைத்தால் வெளிச்சத்தைக் குடித்து மின்சாரம் கொடுக்கும். அந்த மின்சாரம் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைக் குமிழ் குமிழாக விடும். பிடித்துச் சேர்த்தால் எரிபொருள். நாளைக்கு லாரி ஓடுமோ அடுப்பு எரியுமோ தெரியாது. இன்றைக்கு என் தொல்லை ஒன்றுதான்: எந்தப் படலமும் ஒன்பது நாளைத் தாண்டுவதில்லை. ஓரத்தில் உரிய ஆரம்பித்து, மறுநாள் பாம்புச் சட்டை மாதிரி கழன்று தண்ணீரில் மிதக்கிறது.

புதிதாக ஒரு பூச்சு முறை செய்திருக்கிறேன். என் கைடு டாக்டர் ரங்கையா, "நுவ்வு சேஸ்தேனே பனி சேஸ்தே அதி சயின்ஸ் காதம்மா" என்கிறார். நான் செய்தால் மட்டும் வேலை செய்தால் அது விஞ்ஞானம் இல்லையாம்; வேறு ஊரில், வேறு ஒருவர் கையிலும் ஓட வேண்டுமாம். முப்பத்தொரு வருஷம் மின்சார இலாகாவில் மீட்டர் ரீடராக இருந்தவரை வீட்டில் வைத்துக்கொண்டு நான் வேறு யாரைத் தேடுவேன்?

ஒரு துண்டை மட்டும் ஜாடியில் நிறுத்துங்கள். காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, மூன்று மணிக்கு மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். ஜாடியில் தண்ணீர் குறைந்தால் பேட்டரி தண்ணீர் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் கூடாது. ராத்திரியும் கரைசலிலேயே இருக்கட்டும். படலத்தை விரலால் தொடாதீர்கள்.

ஞாயிறும் எடுக்க வேண்டும். நீங்கள் என்ன சொல்லுவீர்கள் என்று எனக்குத் தெரியும். வெயிலுக்கு ஞாயிறு திங்கள் கிடையாது நைனா. மே 31-ஆம் தேதியோடு என் உதவித்தொகை முடிகிறது. அதற்குள் ஒரு படலமாவது ஒரு மாதம் நிற்காவிட்டால் ஆய்வேடு இல்லை, மூன்று வருஷமும் வீண். எடுக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

மகள்,
ஞானசௌந்தரி

*

சித்தூர்,
19-2-1985

அன்பு மகள் சௌந்தரிக்கு நைனா எழுதியது.

கர்த்தர் கிருபையால் இங்கே அனைவரும் சுகமாயிருக்கிறோம். நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

பெட்டி சேதமில்லாமல் வந்தது. 11-ஆம் தேதி திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஜாடியை மொட்டைமாடியில் வைத்தேன். குமிழ் வருகிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் தெரிகிறது. முதல் எட்டு நாள் ரீடிங் இத்துடன். பகல் பன்னிரண்டு மணிக்கு 38, 39 என்று நிற்கிறது.

உன் விஞ்ஞானத்தால் என் மானம் போகிறது. பக்கத்து வீட்டு வெங்கடசாமி சுவர்மேல் தலையை நீட்டி, "இன்னா சார், ரிட்டயர் ஆனதும் மாடியில சாராயம் காச்சிக்கினு கீறீங்களா?" என்கிறார். "என் பொண்ணு தண்ணியில இருந்து கேஸ் எடுக்குது" என்றேன். "அதான், அதைத்தான் கேட்டேன்" என்கிறார். சபையில் மூப்பராக இருக்கிறவனுக்கு இது தேவையா? உன் அம்மா தபீதாளுக்கு மிளகாய் காயப்போட இடம் போய்விட்டது என்று ஒரு பக்கம் கோபம்.

நீ கேட்டபடி ஒரு வரி: எடுக்கிறேன்.

போதகர் உன்னைப்பற்றி விசாரித்தார். திருப்பதியில் சௌந்தரி எந்த ஆராதனைக்குப் போகிறாள் என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நைனா,
இயேசுதாசன்

*

திருப்பதி,
24-2-1985

அன்புள்ள நைனாவுக்கு,

தேதியைப் பார்த்து ஞாயிறு என்று கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இங்கே உங்களோடு அதே 11-ஆம் தேதி நான் வைத்த துண்டு ஒன்பதாம் நாள் உரிந்துவிட்டது. அடுத்த துண்டும் ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பக்கத்து மேசை சம்பத் ஒரு நாளைக்கு நான்கு தரம் வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் உயிரோட கீதா?" என்கிறான். ஜாடியை எடுத்து அவன் தலையில் கவிழ்க்கலாம் போலிருக்கிறது.

உங்களுடையது மட்டும் எப்படி 38-லேயே நிற்கிறது? ஒரே நாளில், ஒரே கரைசலில், ஒரே கையால் பூசியது. ஏதாவது மாற்றினீர்களா? துடைத்தீர்களா? வெயில் கடுமையாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு நிழலில் நகர்த்தினீர்களா? உள்ளதைச் சொல்லுங்கள், கோபிக்கமாட்டேன்.

சௌந்தரி

*

சித்தூர்,
13-3-1985

மகள் சௌந்தரிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், எழுதியிருந்தால் காகிதம் கிழிந்திருக்கும்.

துடைத்தீர்களா, நகர்த்தினீர்களா என்று கேட்கிறாய். கங்காதர நெல்லூர் லைனில் சைக்கிள் மிதித்து ஒரு நாளைக்கு நூறு வீடு எடுத்தவன் நான். நாய் கடித்திருக்கிறது, முள் தைத்திருக்கிறது, தப்பாக எழுதினேன் என்று ஒரு புகார் வந்ததில்லை. மூன்று வேளையும் குடையை மடக்கிவிட்டுக் குனிந்து பார்த்து எழுதுகிறேன், என் நிழல் உன் கண்ணாடிமேல் விழக்கூடாது என்று. வெயிலுக்கு மண்டை பிளக்கிறது. ஒரு நன்றி இல்லை, விசாரணை வருகிறது.

முப்பதாம் நாள் தாண்டியும் ஓடுகிறது. நேற்றுப் பகல் 36. உன் துண்டு உரிந்தால் உன் கையைப் பார்.

நைனா

அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு எழுதச் சொல்கிறாள்: "கண்ணு, உடம்பைப் பார்த்துக்கோ. வேளைக்குத் துன்னு. ஞாயித்துக்கெழமை கோயில்ல இருக்கும்போதே பதினோரு மணிக்கு மழை புடிச்சிக்கினு சாயங்காலம் வரைக்கும் வுடலை. வாசலாண்ட காயவெச்ச மொளகா மொத்தமும் நனைஞ்சி போச்சி. உன் ஜாடியால மாடியில இடம் இருந்தா இந்தக் கதி வருமா?"

*

திருப்பதி,
25-3-1985

நைனாவுக்கு,

நாற்பது நாள் ரீடிங்கோடு பச்சையப்பன் கொண்டுவந்த உங்கள் நோட்டை வெள்ளிக்கிழமை டாக்டர் ரங்கையாவிடம் காட்டினேன். மூன்று வருஷத்தில் அவர் முதல் முறையாக எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கே ஹைதராபாத் கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பினோம். என் பெயர் முதலில். "நாற்பது நாள் நிலைத்த படலம்" என்று தலைப்பு.

சனிக்கிழமை உங்கள் அளவுகளை எல்லாம் வரைபடத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். சம்பத் வந்து எட்டிப் பார்த்தான். "ஒவ்வொரு ஏழாம் நாளும் புள்ளி ரொம்ப ஒழுக்கமா உக்காந்துக்கினு கீதே" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவன் போனதும் காலண்டரை எடுத்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து ஞாயிறு, நாளைக்கு மூன்று, பதினைந்து அளவுகள். பதினைந்தும் அதற்கு முந்தைய மூன்று நாளின் சரியான சராசரி. மார்ச் 10 ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு 36 என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குச் சாயங்காலம்வரை மழை விடவில்லை என்று உங்கள் போன கடிதத்தில் அம்மா சொல்கிறார். கொட்டுகிற மழையில் எந்த வெயிலைப் பார்த்து முள் 36-க்குப் போனது நைனா?

நான் உங்களை நம்பித்தானே கொடுத்தேன்? இங்கே பொய் அளவு எழுதியவள் என்று ஒரு முறை பெயர் வாங்கினால் அவ்வளவுதான். வேறு எந்த ஆய்வுக்கூடமும் கதவைத் திறக்காது. இன்னும் ரங்கையாவிடம் சொல்லவில்லை. என்ன செய்தீர்கள் என்று முழுவதும் எழுதுங்கள்.

ஞானசௌந்தரி

*

சித்தூர்,
28-3-1985

மகள் சௌந்தரிக்கு,

நீ எழுதியது சரி. ஞாயிற்றுக்கிழமை நான் ரீடிங் எடுக்கவில்லை. ஒரு ஞாயிறும் எடுக்கவில்லை.

ஓய்வுநாளில் வேலை செய்யாதே என்ற நான்காம் கற்பனையை நீயும் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவள்தான். இலாகாவில் இருந்தபோதும் ஞாயிறு மீட்டரைத் தொட்டவனில்லை, அதற்காக இரண்டு முறை மேலதிகாரியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். சனி சாயங்காலம் ஒயரைக் கழற்றி, கண்ணாடியைக் கரைசலிலிருந்து எடுத்து, பேட்டரி தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துண்டில் சுற்றி பீரோவில் வைத்துவிடுவேன். திங்கள் காலை திரும்ப வைப்பேன். விரலால் படலத்தைத் தொட்டதில்லை. ஓய்வுநாளில் அதுவும் வேலை செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். சிரிக்காதே.

எண்களைப்பற்றிக் கேட்கிறாய். வீடு பூட்டியிருந்தால் மீட்டர் ரீடர் என்ன செய்வான்? முந்தைய மூன்று மாதச் சராசரியைப் போடுவான். அது எங்கள் வழக்கம், அதில் பொய் கிடையாது. ஆனால் பக்கத்தில் சிவப்பு மையில் "டோர் லாக்" என்று எழுதுவோம். கதவு பூட்டு, ஆகவே இது பார்த்து எழுதியது அல்ல என்று அர்த்தம். முப்பத்தொரு வருஷத்தில் அந்தச் சிவப்பு எழுத்தை நான் விட்டதே இல்லை.

உன் நோட்டில் விட்டுவிட்டேன். மறதி என்று சொல்லமாட்டேன். எழுதினால் ஞாயிறு எடுக்கவில்லை என்று நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் எழுதவில்லை. உங்களைவிட்டால் யார் என்று கேட்டிருந்தாய். முடியாது என்று உன்னிடமும் சொல்ல முடியவில்லை, சரி என்று கர்த்தரிடமும் சொல்ல முடியவில்லை. நடுவில் நின்று கள்ளக்கணக்கு எழுதினேன்.

அப்பன் செய்த தப்பு என்று உன் ரங்கையா துரையிடம் சொல்லிவிடு.

இயேசுதாசன்

*

திருப்பதி,
1-4-1985

நைனாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

ரங்கையா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நாற்பது நாளில் ஐந்து நாளை உங்கள் அப்பா சொந்தமாக எழுதினார் என்றால், மீதி முப்பத்தைந்தை எவன் நம்புவான்?" என்று கேட்டார். சுருக்கத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஹைதராபாத்துக்கு என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதினேன். தபால் பெட்டியிலும் நானே போட்டேன்.

எனக்கு எதன்மேல் கோபம் தெரியுமா? முடியாது என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் சரி என்று விட்டிருப்பேன். ஞாயிறு இடத்தைக் காலியாக விட்டிருந்தாலும் போதும், வானம் இடிந்து விழுந்திருக்காது. உங்கள் பக்திக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பக்திக்காக ஒரு பொய், மகளுக்காக ஒரு பொய், இரண்டையும் ஒரே நோட்டில் எழுதி என் தலையில் கட்டிவிட்டீர்கள். எனக்கு எரிகிறது, அழுகையும் வருகிறது, ஹாஸ்டலில் தனியாக அழவும் இடமில்லை.

ஈஸ்டருக்கு வரமாட்டேன். அம்மாவிடம் வேலை என்று சொல்லுங்கள்.

சௌந்தரி

*

சித்தூர்,
4-4-1985

மகள் சௌந்தரிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அவளாகவே கேட்டாள்: "பொண்ணு வராத அளவுக்கு நீ இன்னா பண்ண?" சொன்னேன். அதிலிருந்து என்னோடு பேசவில்லை.

இந்த ஞாயிறு ஈஸ்டர். நான் ரீடிங் எடுக்கப் போகிறேன். முதல் துண்டு நாற்பத்தொன்றாம் நாளோடு உரிந்துவிட்டது. இரண்டாவது துண்டு 25-ஆம் தேதியிலிருந்து மாடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை அதை வெளியே எடுக்கமாட்டேன். அது தண்ணீரிலேயே இருக்கட்டும். சபைக் கணக்கு எல்லாம் போதகரிடம் ஒப்படைத்து, மூப்பர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்டார். என் மகளுக்கு ஒரு ஞாயிறு பாக்கி இருக்கிறது என்றேன்.

ஒன்பது, பன்னிரண்டு, மூன்று. பார்த்து எழுதுவேன், மழை வந்தால் மழை என்று எழுதுவேன்.

நைனா

*

தந்தி
திருப்பதி, 6-4-1985, காலை 11.20

ஞாயிறு ரீடிங் எடுக்க வேண்டாம். சனி மாலை வழக்கம்போல் வெளியே எடுத்து உலர வைக்கவும். கட்டாயம். ஆராதனைக்குப் போகவும். கடிதம் பின்னால். சௌந்தரி

*

திருப்பதி,
8-4-1985

அன்புள்ள நைனாவுக்கு,

தந்தி வந்ததும் அம்மா யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று ஒப்பாரி வைத்திருப்பார். மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஆத்திரத்தில் மேசையைச் சுத்தம் செய்தேன். உரிய ஆரம்பித்த ஒரு துண்டை இரண்டு வாரத்துக்குமுன் வெளியே எடுத்து ஒரு தட்டில் எறிந்திருந்தேன். அது காய்ந்து கிடந்தது. குப்பையில் போடுமுன் நகத்தால் சுரண்டினேன். படலம் வரவில்லை. கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஜாடியிலேயே ஊறிக்கொண்டிருக்கும் துண்டைத் தொட்டால் பால் ஆடை மாதிரி கழன்று வருகிறது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலை உங்கள் கடிதம் வந்தது. அந்தத் துண்டு தண்ணீரிலேயே இருக்கட்டும் என்கிறீர்கள்!

உங்கள் 28-ஆம் தேதிக் கடிதத்தை மறுபடி எடுத்தேன். அலசி, துணியில் சுற்றி, பீரோவில் வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் அந்த வரியைக் கண்ணால் பார்த்தேனே தவிர மூளைக்குள் விடவில்லை. வெயில் படலத்தைக் கொல்லவில்லை நைனா. தண்ணீர்தான். நாள் முழுக்க ஊறி ஊறி உப்பி ஓரம் தூக்குகிறது. நடுவில் ஒன்றரை நாள் காயவிட்டால் திரும்பப் படிந்துகொள்கிறது. இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், இன்னும் நிரூபிக்கவில்லை.

இரண்டு வருஷமாகப் பூச்சைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாளாவது அதை வெளியே எடுத்துக் காயவைக்க எனக்குத் தோன்றவில்லை. விடாமல் ஓட்டுவதுதான் உழைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்காக நீங்கள் எழுதிய பதினைந்து எண்கள் நிஜமாகிவிடாது. அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் மூப்பர் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு எந்த ஞாயிறும் பாக்கியில்லை.

சௌந்தரி

*

திருப்பதி,
20-5-1985

அன்புள்ள நைனாவுக்கு,

நேற்றோடு புதுச் சோதனை முடிந்தது. எப்போதும் தண்ணீரில் வைத்த துண்டுகள் ஒன்பது, எட்டு நாள். வாரம் ஒரு நாள் உலரவிட்டவை இருபத்தாறு, முப்பத்தொன்று. உங்களுடைய நாற்பத்தொன்று இங்கே வரவில்லை. நம் மாடியில் காற்று உலர்ந்ததா, அம்மாவின் பீரோ ராசியா தெரியவில்லை. ஆனால் ஒரு மாதத்தைத் தொட்டுவிட்டேன்.

ரங்கையா லேசில் விடவில்லை. "ஞாயிறுக்கு மட்டும் என்ன விசேஷம்? செவ்வாய் உலர்த்திப் பார்" என்றார். பார்த்தேன், இருபத்தெட்டு. படலத்துக்குக் கிழமை தெரியவில்லை நைனா, வருத்தப்படாதீர்கள். கருத்தரங்கு போனது போனதுதான். அங்கே இந்த வருஷம் என் இடத்தில் வேறு யாரோ பேசிவிட்டார்கள். ஆய்வேட்டை மட்டும் 31-க்குள் கட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

அதில் உங்கள் நோட்டையும் சேர்க்கச் சொல்கிறார். நடந்ததை நடந்தபடி எழுதவேண்டுமாம். முப்பத்தாறு நாள் பார்த்த அளவு, ஐந்து நாள் பார்க்காதது. அந்தப் பதினைந்து இடங்களில் என்ன போடுவது என்று கேட்டார். நோட்டு உங்களுடையது, நீங்கள்தான் திருத்த வேண்டும். பச்சையப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு வாரத்தில் திருப்பி அனுப்புங்கள்.

ஜூன் இரண்டாம் தேதி வருகிறேன், ஞாயிறு. அம்மாவிடம் கறிக்குழம்பு வைக்கச் சொல்லுங்கள்.

சௌந்தரி

*

சித்தூர்,
25-5-1985

அன்பு மகள் சௌந்தரிக்கு,

நோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பதினைந்து எண்களையும் படிக்கத் தெரியும்படியாகவே ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறேன். சுரண்டி அழிப்பது இலாகா விதியில் கிடையாது. பக்கத்தில் சிவப்பு மையில் எழுதவேண்டியதை எழுதி, பதினைந்து இடத்திலும் கையெழுத்தும் இன்றைய தேதியும் போட்டிருக்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் செய்யவேண்டியதை மே மாதத்தில் செய்கிறேன் என்று யாரும் பார்த்தால் தெரியட்டும்.

போதகர் மூப்பர் பொறுப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. டிசம்பர் வரை சும்மா உட்காருங்கள் என்றார். சரி என்றேன். அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள். மாடியில் மிளகாய் காய்கிறது, ஜாடிக்கு ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறாள்.

நீ ஞாயிறு முதல் பஸ்ஸில் வந்தால் எட்டரைக்குச் சேருவாய். அந்த நேரத்தில் வீடு பூட்டியிருக்கும். சாவி பக்கத்தில் வெங்கடசாமி வீட்டு சுலோசனாவிடம் இருக்கும். வாங்கி, பையை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பப் பூட்டு. உள்ளேயே உட்கார்ந்துவிடாதே. நாங்கள் கோயிலில் இடதுபக்கம் நான்காவது பெஞ்சில் இருப்போம். அம்மா பக்கத்தில் இடம் வைத்திருக்கிறேன்.

நைனா